வென்றவன் எழுதிய வருத்தம்
(அசோகர் கல்வெட்டுகள் காட்டும் ஆளுமை)

மன்னர் தம் வெற்றியைக் கல்லில் பொறிப்பது உலகெங்கும் உள்ள வழக்கு. வென்ற நாடுகளின் வரிசையும், கொன்ற பகைவரின் தொகையும், கொணர்ந்த திறையின் பெருமையும் அவற்றில் நிரல்பட நிற்கும். மோரியப் பேரரசர் அசோகரின் பதின்மூன்றாம் பெரும்பாறைக் கல்வெட்டும் அவ்வாறுதான் தொடங்குகின்றது. முடிசூடி எட்டாண்டு ஆனபோது கலிங்கம் வெல்லப்பட்டது. அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டோர் 1,50,000 பேர். களத்தில் கொல்லப்பட்டோர் 1,00,000 பேர். அதனினும் பன்மடங்கினர் பிற வகையால் மாண்டனர். இதுகாறும் அது ஏனைய வெற்றிக் கல்வெட்டுகளை ஒத்ததே. ஆனால் அடுத்த தொடரிலேயே எழுதுவித்தவரின் குரல் மாறிவிடுகின்றது. கலிங்கத்தை வென்றமைக்காகத் தேவர்க்கு இனியவர் வருந்துகின்றார் என்கிறது கல்.

கி.மு. 268ஐ ஒட்டி அசோகர் முடிசூடினார் எனக் கொண்டால் கலிங்கப் போர் நிகழ்ந்தது ஏறத்தாழக் கி.மு. 261ஆம் ஆண்டாகும். அக்கல்வெட்டில் சொல்லப்பட்ட துயரின் பகுப்பு ஊன்றிப் படிக்கத்தக்கது. கொலை, சாவு, நாடு பெயர்ப்பு என்னும் மூன்றையும் முதலில் கூறுகின்றது. பின்னர், அவற்றினும் கொடியதாக அரசர் கருதுவது இன்னதென்று விரிக்கின்றது. மூத்தோரைப் பேணியும் நண்பர், உறவினர், பணியாளர் என்போரிடம் நெறியோடு ஒழுகியும் வாழ்ந்த இல்லறத்தாரும், அந்தணரும், சமணரும் அந்நாட்டில் இருந்தனர். அவர்களுக்கு ஊறும் சாவும் பிரிவும் நேர்ந்தன. தாம் தப்பிய சிலரும் தம் நண்பர்க்கும் சுற்றத்தார்க்கும் நேர்ந்த கேட்டால் தாமும் கெட்டவர் ஆயினர். அன்று கலிங்கத்தில் துன்புற்றோருள் நூற்றில் ஒரு பங்கினர், ஏன், ஆயிரத்தில் ஒரு பங்கினர் இன்று துன்புறினும் அது தமக்குப் பெருஞ்சுமை என்கின்றார் அரசர். உயிர் பிழைத்தவனின் துயரத்தையும் போரின் கணக்கில் சேர்த்த வேந்தர் பழங்காலத்தில் அரியர். இறந்தோரை எண்ணுவது படைத்தலைவனின் தொழில். எஞ்சியோர் எவ்வாறு வாழ்வர் என்று எண்ணுவது புலவனின் தொழில். இங்கு வேந்தரே அவ்விரண்டையும் செய்துள்ளார்.

தமிழ் மரபில் இப்பணியைப் புலவர்களே ஆற்றினர். சோழர் குடியினர் இருவர் தம்முள் பகைத்து ஒருவர் உறையூர்க் கோட்டையுள் அடைபட்டிருக்க மற்றவர் முற்றுகையிட்டபோது, எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்று இடித்துரைத்தவர் கோவூர்கிழார். மலையமான் மக்களை யானைக்காலில் இடவிருந்த கிள்ளிவளவனைத் தடுத்து நிறுத்தியவரும் அவரே. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவன் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் இகழ்ந்தார். அறிவுறுத்தப் புலவர் இருந்தமையால் தமிழ் வேந்தர் தம் நெஞ்சைத் தாமே கல்லில் வெட்டவேண்டிய தேவை எழவில்லை போலும். அசோகரின் கல்வெட்டுகளில் புலவரின் குரல் இல்லை. புகழ்ச்சி அடைமொழிகளும் இல்லை. தேவர்க்கு இனிய பியதசி அரசர் இவ்வாறு சொல்கின்றார் என்னும் ஒரு தொடர் வரும். பிறகு அரசரே பேசுவார். அப்பேச்சில் சொன்னதையே திரும்பச் சொல்லும் வழக்கமும் உண்டு. அதற்கும் அவரே ஒரு கல்வெட்டில் விளக்கம் தருகின்றார்: பொருளின் இனிமை கருதிச் சில செய்திகள் மீண்டும் மீண்டும் கூறப்பட்டன என்கின்றார். கூறியது கூறலைக் குற்றமெனக் கொள்ளும் இலக்கண ஆசிரியர் இதனை மன்னிப்பார்களாக.

வருத்தத்தின் எல்லை

இவ்வளவு உயர்ந்த கல்வெட்டைப் போற்றுவோர் பலரும் சொல்லாது விடுகின்ற செய்திகள் சில உண்டு. அவற்றை விடுத்து அசோகரை மதிப்பிடுதல் நேர்மை ஆகாது. கலிங்கத்தை அதன் மக்களுக்கே திருப்பித் தந்ததாக எக்கல்வெட்டும் கூறவில்லை. பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்ட 1,50,000 பேரை விடுவித்ததாகவும் செய்தி இல்லை. அதே பதின்மூன்றாம் கல்வெட்டில், தம் ஆட்சிக்குட்பட்ட காட்டுவாழ் மக்களை நோக்கி, வருந்தும் நிலையிலும் தம்மிடம் ஆற்றல் உண்டு என்றும், அவர்கள் தம் செயலுக்கு நாணிக் கொலையுண்ணாது பிழைக்கவேண்டும் என்றும் எச்சரிக்கின்றார். படை கலைக்கப்படவில்லை. மரண தண்டனையும் ஒழிக்கப்படவில்லை. இருபத்தாறாம் ஆட்சியாண்டில் வெளியிட்ட நான்காம் தூண் ஆணையில், கொலைத்தண்டனை விதிக்கப்பட்டோர்க்கு மூன்று நாள் தவணை அளிக்கின்றார். சுற்றத்தார் முறையிட்டு உயிரைக் காக்கவோ, மறுமைக்கு உரிய கொடையும் நோன்பும் இயற்றவோ அந்த மூன்று நாள்.

பதின்மூன்றாம் கல்வெட்டு கலிங்கத்தில் இல்லை என்பது மற்றொரு செய்தி. புவனேசுவரத்தை அடுத்த தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் பெரும்பாறைக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டபோது பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய மூன்றும் விடப்பட்டு, அவற்றின் இடத்தில் இரு தனி ஆணைகள் பொறிக்கப்பட்டன. புண்பட்டவரின் வாயிலில் அப்புண்ணின் கணக்கை எழுதி வைத்தல் தகாது என அரசர் எண்ணினார் என்பர் சிலர். தோற்ற நாட்டில் தம் கழிவிரக்கத்தைக் காட்டுவது அரசியலுக்கு ஒவ்வாது எனக் கருதினார் என்பர் வேறு சிலர். அத்தனி ஆணைகள் கருநாடகத்துச் சன்னதியிலும் 1989இல் கண்டறியப்பட்டமையால், இதற்குக் காரணம் கலிங்கம் பற்றியது மட்டுமே என எளிதில் முடிவுகட்டவும் இயலவில்லை.

காரணம் எதுவாயினும், அத்தனி ஆணைகள் சொல்லும் செய்தி சிறியதன்று. தோசலியிலும் சமாபையிலும் இருந்த மகாமாத்திரர் என்னும் உயர் அலுவலர்க்கு விடுத்த கட்டளைகள் அவை. எல்லா மக்களும் தம் மக்களே என்ற புகழ்பெற்ற கூற்று இங்குத்தான் வருகின்றது. வெறும் கூற்றோடு அது நிற்கவில்லை. காரணமின்றிச் சிறையிடுதலும் துன்புறுத்தலும் நேர்கின்றன எனத் தம் ஆட்சியின் குறையை அரசரே எடுத்துரைக்கின்றார். அழுக்காறு, சினம், கொடுமை, பதற்றம், பயிற்சியின்மை, சோம்பல், களைப்பு ஆகியவற்றால் அலுவலர் நடுநிலை தவறுவர் என்று அவர் நிரல்படக் கூறுவது, ஆளப்படுவோர் பக்கத்திலிருந்து அதிகாரத்தைப் பார்த்தவரின் கூற்றாக உள்ளது. களைப்பு என்பதையும் அப்பட்டியலில் சேர்த்தமை கருதத்தக்கது. கொடியவனால் விளையும் தீங்கைப் பலரும் அறிவர். களைத்துப் போன நல்லவனால் விளையும் தீங்கை அறிந்தவர் சிலரே. இவற்றைக் கண்காணிக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை தனி அலுவலரை அனுப்புவதாகவும் அவ்வாணை கூறும்.

ஆகவே அசோகரின் மனமாற்றம் உண்மையா, அரசியலா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்வோரின் வழக்கு முடிவிலா வழக்கு. கலிங்கத்தை விட்டுக்கொடாத வேந்தர் அவர். அதனைப் போரால் கொண்டமைக்கு நாணிய வேந்தரும் அவரே. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன எனக் கொள்வதே கல்வெட்டுகளுக்கு ஏற்புடைய முடிவாகும்.

கதைகளும் கல்லும்

வடமொழி அசோகாவதானமும் இலங்கையின் பாலி நூல்களும் காட்டும் அசோகர் வேறொருவர். உடன்பிறந்தோர் தொண்ணூற்றொன்பதின்மரைக் கொன்றார், சித்திரவதைக் கூடம் ஒன்றை அமைத்தார், சண்டாசோகர் எனப்பட்டார், பின்னர்த் துறவி ஒருவரால் மனம் திருந்தித் தம்மாசோகர் ஆனார் என அக்கதைகள் விரியும். சமயத்தின் பெருமையை உயர்த்திக் காட்டப் பழைய வாழ்வைக் கறுப்பாக்குதல் கதைமரபு அறிந்த உத்திதான். ஐந்தாம் பெரும்பாறைக் கல்வெட்டோ, ஆட்சி ஏற்றுப் பதின்மூன்று ஆண்டு கழிந்த நிலையில், தம் உடன்பிறந்த ஆடவர், மகளிர் ஆகியோர் இல்லங்களிலும் அறமகாமாத்திரர் பணி செய்தமையைக் குறிக்கின்றது. வியப்புக்குரியது வேறொன்று: அசோகரை மாற்றியதாகக் கல்வெட்டு சொல்லும் கலிங்கப் போரை இக்கதைகள் காரணமாகக் காட்டவில்லை. கல்வெட்டுகள் படிக்கப்படாது போயிருப்பின் அவ்வருத்தம் உலகறியாது மறைந்திருக்கும்.

அரசரின் இயல்பைக் காட்டுவன பெரிய அறவுரைகளைவிடச் சிறு குறிப்புகளே. முதற் கல்வெட்டில் அரண்மனை அடுக்களை பற்றிய செய்தி வருகின்றது. முன்பு நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன. இப்போது கொல்லப்படுபவை மூன்றே, இரண்டு மயில், ஒரு மான். அம்மானும் நாள்தோறும் அன்று. இம்மூன்றும் இனிக் கொல்லப்படா. முற்றும் விட்டுவிட்டதாக ஒரு வரியில் எழுதிவிட்டிருக்கலாம். எவரும் அரண்மனை அடுக்களையுள் புகுந்து எண்ணப் போவதில்லை. இன்னும் விடமுடியாத மயிலையும் மானையும் ஒளிக்காமல் எழுதியமை அவ்வேந்தரின் வாய்மைக்குச் சான்று. ஆறாம் கல்வெட்டில், தாம் உண்ணும்போதும், அந்தப்புரத்தில் இருக்கும்போதும், சோலையில் உலவும்போதும், எவ்விடத்தும் எப்போதும் மக்களின் செய்தியைத் தமக்கு அறிவிக்கலாம் என்கின்றார். தம் உழைப்பில் தமக்கு நிறைவு இல்லை என்றும் சேர்த்துக்கொள்கின்றார். பத்தாம் கல்வெட்டில், மக்கள் அறத்தைக் கேட்டு ஒழுகுதல் என்னும் ஒன்றினன்றிப் புகழால் பயனில்லை என மறுக்கின்றார். பன்னிரண்டாம் கல்வெட்டு, தன் சமயத்தை மிகையாகப் புகழ்ந்து பிற சமயத்தை இகழ்வோன் தன் சமயத்துக்கே கேடு செய்கின்றான் என்று கூறி நாவடக்கத்தை வற்புறுத்தும்.

குறையும் உண்டு. ஒன்பதாம் கல்வெட்டில், நோய், திருமணம், மகப்பேறு, பயணம் முதலியவற்றின்போது பெண்டிர் பல்வகைப்பட்ட அற்பமான பயனற்ற சடங்குகளைச் செய்கின்றனர் என்று ஏளனம் செய்கின்றார். மருத்துவமும் துணையும் இல்லாத இல்லங்களில் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கிய தாயருக்கு அச்சடங்குகளன்றி வேறு என்ன பற்றுக்கோடு இருந்தது எனப் பாடலிபுத்திரத்து அரசர்க்கு எடுத்துச் சொல்ல ஔவையார் ஒருவர் அங்கு இல்லை. எனினும் மகளிர் நலம் பேணத் தனி மகாமாத்திரரை அமர்த்தியவரும் இவரே என்பதைப் பன்னிரண்டாம் கல்வெட்டால் அறிகின்றோம்.

தமிழகமும் சதியபுதோவும்

தமிழக மூவேந்தரைப் பற்றிய மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளை அளித்தவர் அசோகர். இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் எனத் தெற்கின் அரசுகள் எண்ணப்படுகின்றன. தாமிரபரணி எனப்பட்ட இலங்கையும் அந்தியோகன் என்னும் யவன அரசனும் அவற்றை அடுத்து வருகின்றனர். தம் ஆட்சிக்கு உட்படாத இவ்வெல்லை நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்யப்பட்டது, மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொணர்ந்து நடப்பட்டன என அக்கல் கூறும். வழிகளில் கிணறு தோண்டப்பட்டதும் மரம் நடப்பட்டதும் அதில் உண்டு. மோரியரைத் தமிழர் வேறு வகையாகவும் அறிந்திருந்தனர். அகநானூற்றில் மாமூலனார், படையெடுத்து வந்த மோரியர் தேர் செல்ல மலை வெட்டி வழிசெய்த செய்தியைப் பாடியுள்ளார். அப்பாடல்கள் எக்காலத்துப் படையெடுப்பைக் குறிப்பன என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. தேர் வந்த வழியைத் தமிழ்ப் பாட்டும், மருந்து வந்த வழியைப் பிராகிருதக் கல்லும் பேசுகின்றன.

சோழரும் பாண்டியரும் சேரரும் தெளிவு. சத்தியபுத்திரர் யார்? துளுநாட்டார், காஞ்சியார், சத்தியமங்கலத்தார் என நெடுங்காலம் அறிஞர் வழக்காடினர். அதியமான் மரபினரே அவர் என்று ஊகித்தோரும் இருந்தனர். 1981இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அவ்வழக்கைத் தீர்த்தது. அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழி அது எனக் கூறும் அக்கல்வெட்டு, அவனைச் சதியபுதோ என்னும் பட்டத்தால் குறிக்கின்றது. எழுத்தமைதி கொண்டு அதனைக் கி.பி. முதல் நூற்றாண்டினதாக ஐராவதம் மகாதேவன் கணித்தார். அசோகர் சுட்டிய குடியின் பெயர், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், ஔவையார் பாடிய வள்ளலின் பெயரோடு ஒரு குகைச் சுவரில் இணைந்து நிற்கின்றது.

இவ்விடத்துப் புலவர் நெஞ்சைத் தொடும் ஒற்றுமை ஒன்று உண்டு. தகடூர் அதியமான், தான் உண்ணாது அருநெல்லிக் கனியை ஔவைக்கு ஈந்த கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். அசோகாவதானத்தின் இறுதியிலும் ஒரு நெல்லி வருகின்றது. முதுமையில் அதிகாரம் பறிக்கப்பட்டு, கருவூலம் பூட்டப்பட்ட நிலையில், தம் கையில் எஞ்சியிருந்த பாதி நெல்லிக்கனியைச் சங்கத்தார்க்குக் கொடையாக அனுப்பினார் அசோகர் என்கிறது அந்நூல். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது எனக் காட்டச் சான்றில்லை. கதை கடன் கொண்டது எனக் கூறவும் வேண்டுவதில்லை. ஆளும் வேந்தன் ஒருவனும் ஆட்சி இழந்த வேந்தன் ஒருவனும் ஒரே கனியால் நினைக்கப்படுகின்றனர்.

மறதியும் மீட்பும்

அசோகர் எழுதிய எழுத்தைப் பிற்காலத்தார் மறந்தனர். கற்களும் தூண்களும் நின்றன, படிப்பார் இலர். இன்று அலகாபாத் கோட்டையில் நிற்கும் அசோகர் தூணில், பல நூற்றாண்டுகட்குப் பின், அரிசேனர் இயற்றிய சமுத்திரகுப்தரின் வெற்றிப் புகழுரை வெட்டப்பட்டது. போரை நொந்தவரின் தூணிலேயே போரைப் புகழும் பாட்டு ஏறியது. பதினான்காம் நூற்றாண்டில் பிரோசு சா துக்ளக், தோப்ராவில் நின்ற தூணைப் பஞ்சுப் படுக்கையில் சாய்த்து, பல சக்கர வண்டியிலும் யமுனைப் படகுகளிலும் ஏற்றித் தில்லிக்குக் கொணர்ந்தார். அதில் எழுதியிருப்பதைப் படிக்குமாறு அழைக்கப்பட்ட பண்டிதரால் அது இயலவில்லை.

கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் அம்முடிச்சை அவிழ்த்தார். சாஞ்சியின் சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே ஈரெழுத்தில் முடிவதைக் கண்டு, அவை கொடையைக் குறிக்கும் தானம் என்னும் சொல் ஆகலாம் என உய்த்துணர்ந்தார். ஈகையைக் குறிக்கும் சொல் ஒரு நாட்டின் மறந்துபோன எழுத்துக்குத் திறவுகோல் ஆயிற்று. பியதசி யார் என்பது அப்போதும் விளங்கவில்லை. இலங்கை வேந்தர் ஒருவரோ எனவும் முதலில் எண்ணினார். இலங்கையில் அலுவல் புரிந்து பாலி நூல்களை ஆய்ந்த ஜார்ஜ் டர்னர், அது அசோகரின் பெயரே எனக் காட்டினார். 1915இல் கருநாடகத்து மாஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் அசோகர் என்னும் பெயரே வெளிப்பட, ஐயம் நீங்கியது. 1947 சூலை 22இல் நாட்டின் கொடியில் சாரநாத்துச் சக்கரமும், 1950 சனவரி 26இல் அரசு இலச்சினையாக அங்குள்ள சிங்கத் தலைப்பும் ஏற்கப்பட்டன.

இரு நாள்மீன்கள்

கலிங்கம் தன் வீழ்ச்சியோடு முடிந்துவிடவில்லை. தௌலிக்குச் சிறு தொலைவில் உள்ள உதயகிரியின் அத்திகும்பா கல்வெட்டில் கலிங்க வேந்தர் காரவேலர் தம் வெற்றிகளை ஆண்டுவாரியாகப் பொறித்தார். மகதத்தைப் பணிய வைத்ததும், நெடுநாள் நிலைத்திருந்த தமிழர் கூட்டணியைக் கலைத்ததும் அதில் வருகின்றன. அசோகர் வருந்திய மண்ணிலிருந்து எழுந்த குரல் வருத்தத்தைக் கற்றுக்கொள்ளவில்லை, வெற்றியையே கற்றுக்கொண்டது.

தமிழர்க்கும் ஒரு கலிங்கம் உண்டு. முதற் குலோத்துங்க சோழர் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சென்ற படை கலிங்கத்தை அழித்தது. அப்போரைச் செயங்கொண்டார் பாடினார். தமிழின் ஓசை வளம் முழுவதையும் ஒரு போர்க்களத்தில் கொண்டுபோய்க் கொட்டிய நூல் கலிங்கத்துப்பரணி; அதன் சந்தத்தில் மயங்காத தமிழ் நெஞ்சம் இல்லை. ஆயினும் களத்தில் பேய்கள் பல்லையும் மூளையையும் கொண்டு கூழட்டு உண்ணும் இடத்தில், கூழாகிப் போனவர் யார் என்னும் வினா எழாமல் இல்லை. செயங்கொண்டாரைக் குறை கூறுதல் முறையன்று. பரணியின் இலக்கணம் அது, அவர் அதன்படி பாடினார், அதனினும் சிறப்பாக இனி எவரும் பாடப் போவதில்லை. ஆனால் அவ்விலக்கணமே ஒன்றை விட்டு வைத்திருக்கின்றது. பிள்ளைத்தமிழும் உலாவும் பாட்டுடைத் தலைவர் பெயரால் வழங்கும். பரணி ஒன்றே தோற்றவர் பெயரால் வழங்குகின்றது. அதனால் அந்நூலைப் பெயர் சொல்லிக் குறிக்கும்போதெல்லாம் கலிங்கம் என்றே சொல்லவேண்டியுள்ளது.

பரணி என்பது காளிக்கும் யமனுக்கும் உரிய நாள்மீன். அந்நாளில் பேய்கள் கூழடும். தௌலிப் பாறையின் தனி ஆணைக்கும் ஒரு நாள்மீன் உண்டு, அது பூசம். ஒவ்வொரு பூச நாளிலும் இவ்வாணையை மக்கள் கேட்கப் படிக்கவேண்டும் என்று கலிங்கத்து அலுவலர்க்கு அசோகர் கட்டளையிட்டார். இடைப்பட்ட நாள்களிலும் தக்க வேளைகளில் படிக்கலாம். கேட்பவன் ஒருவனே ஆயினும் அவனுக்காகவும் படிக்கவேண்டும்.